போதிய மின்சாரம்

மலாயாவில் மின்சாரம் முதலில் எங்கே வந்தது என்று கேட்டால் பலர் கோலாலம்பூர் என்பார்கள், சிலர் பினாங்கு என்பார்கள். அது வந்தது 1894இல், சிலாங்கூரின் ரவாங்கில் இருந்த ஓர் ஈயச் சுரங்கத்துக்கு. கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சீன முதலாளி லோக் இயூ. இன்னொருவர் பத்துமலைக் கோயில் வரலாற்றில் நாம் அடிக்கடி சந்திக்கும் தம்புசாமி பிள்ளை. கோயில் மலர்களில் அவர் படத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இந்நாட்டு மின்சார வரலாற்றின் முதல் பக்கத்திலும் அவர் நிற்கிறார் என்பது கொஞ்சம் ஆச்சரியமான செய்திதான்.

பெருமைப்பட்டுக்கொள்ளலாம். எனக்கு அந்தச் செய்தியில் ஒட்டிக்கொண்டது வேறொன்று. மின்சாரம் வந்தது சுரங்கத்துக்கு. மண்வெட்டி பிடித்தவன் படுத்த கொட்டகைக்கு அது எப்போது வந்தது என்று எந்த வரியும் சொல்வதில்லை. 1930 வாக்கில் பேராக் ஆற்றில் செண்டரோ அணை எழுந்தபோதும் அதன் முதல் வாடிக்கையாளர்கள் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக் கப்பல்கள்தாம். இந்த நாட்டில் மின்கம்பி எப்போதும் இயந்திரத்தைத் தேடித்தான் முதலில் போயிருக்கிறது. மனிதர்கள் இருந்த வீட்டுக்கு அது மிச்சமாக வந்தது.

என் பிழைப்பு வயரிங். கேமரன் மலையில் லயத்து வீடுகளுக்கும் காய்கறித் தோட்டக் கொட்டகைகளுக்கும் கம்பி இழுப்பவன் நான். கணினி பழுதுபார்ப்பது பிறகு சேர்ந்துகொண்ட பழக்கம். இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவில் நின்று பார்க்கும்போது, ‘போதிய மின்சாரம்’ என்ற இரண்டு சொற்களுக்குள் எங்கள் மலையின் நூறாண்டுக் கதை அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. அதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

தொழிற்சாலையின் மிச்சம்

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைப் பற்றிக் குறித்தது 1885இல். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் மலை சும்மா கிடந்தது. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கும் மலைவாசத்தலமாக இதை ஆக்கலாம் என்றார். தாப்பாவிலிருந்து சாலை ஏறியது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழிக்கக் கோவேறு கழுதைகளும் ஒரு நீராவி உருளையும் இருந்தன என்று அந்தத் தோட்டத்தின் கதையில் சொல்வார்கள். கழுதைகளையும் உருளையையும் சொல்லிவிட்டு, கூடவே தமிழ்க் கூலிகளும் இருந்தார்கள் என்று ஒரு வரி சேர்ப்பார்கள்.

தேயிலை ரப்பரைப் போன்ற பயிர் அல்ல. ரப்பர் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து, புகைக்கூண்டில் தொங்கவிட்டால் ஷீட் ஆகிவிடும். தேயிலைக்குத் தோட்டத்துக்குள்ளேயே தொழிற்சாலை வேண்டும். பறித்த கொழுந்தை அன்றைக்கே வாட்ட வேண்டும், வாட்டியதை உருட்ட வேண்டும், நிறம் மாறவிட வேண்டும், சரியான நேரத்தில் உலர்த்த வேண்டும். வாட்டும் பரண்களுக்குக் காற்றாடி, உருட்டும் இயந்திரத்துக்கு மோட்டார், உலர்த்திக்கு ஊதி. கொழுந்து காத்திருக்காது. ஆகவே தேயிலைத் தோட்டம் என்றால் அங்கே ஏதோ ஒரு விசை ஓடிக்கொண்டே இருக்கும். இருட்டுத் தோட்டம் என்று ஒன்று இருக்க முடியாது. இருட்டு லயம் இருக்கலாம்.

நான் வளர்ந்த தோட்டத்தில் லயத்துக்கு விளக்கு தந்தது இஞ்சின் கொட்டகை. பாட்டி சொல்லும் கணக்கு இது: “ஏழு மணிக்கு இஞ்சின் போடுவாங்க. பத்து மணிக்கு நிப்பாட்டுவாங்க. நிப்பாட்டுறதுக்கு முந்தி வெளக்கு ஒரு தரம் கண்ணடிக்கும். அதுக்குள்ள சட்டிய கழுவி, பாயப் போட்டு, புள்ளைய ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடணும்.” பத்து மணிக்கு மேல் பிரசவம் என்றால் மண்ணெண்ணெய் விளக்குதான். துரை பங்களாவில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அது வேறு கம்பி.

பிறகு நாள் முழுக்க மின்சாரம் வந்தது. வந்தது என்றால், வரிசையின் முதல் வீட்டுக்கு வந்தது. கடைசி வீட்டுக்குப் போகும்போது களைத்துப்போயிருந்தது. குழல்விளக்கு பத்துத் தடவை மினுக்கிவிட்டு எரியாமலே நின்றுவிடும். பழைய கண்ணாடிக்குழல் தொலைக்காட்சியில் படம் நாலு பக்கமும் சுருங்கி நடுவில் ஒரு தபால்தலை மாதிரி நிற்கும். “இன்னிக்கு ரஜினி ஒல்லியா இருக்காரு” என்று சித்தப்பா சொல்வார். தொழிற்சாலையில் பெரிய மோட்டாரைத் தட்டினால் லயம் முழுவதும் ஒரு நொடி மங்கும். எங்கள் பிள்ளைகளுக்கு மின்னழுத்தம் என்ற பாடத்தை ஆசிரியர் தனியாக நடத்தத் தேவையே இருக்கவில்லை.

இதன் காரணத்தைச் சின்னக் கணக்கில் காட்டலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 100 மீட்டர் தூரம் இழுத்தால், போகவர 200 மீட்டர். அதன் தடை ஏறக்குறைய ஒன்றரை ஓம். அந்த முனையில் ஒருவர் 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் எட்டு ஒன்பது ஆம்பியர் ஓடும். கம்பியிலேயே 13 வோல்ட் கரைந்துவிடும். பத்து வீட்டுக்கு ஒரே கம்பி என்றால், பத்தாவது வீட்டின் நிலையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கம்பியின் தடிமனைத் தீர்மானித்தவர் அங்கே பல்பு மட்டும்தான் எரியும் என்று நினைத்திருந்தார். லயத்துக்காரனுக்கு அதற்கு மேல் எதற்கு என்பது அவரது கணக்கு.

மலைக்குள் ஓடிய ஆறு

இத்தனைக்கும் எங்கள் மலை மின்சாரத்தின் பிறந்த வீடு.

சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடம், 1958இல், உலக வங்கி மலாயாவுக்குத் தன் முதல் கடனைக் கொடுத்தது. மூன்று கோடியே 56 லட்சம் அமெரிக்க டாலர். பெற்றுக்கொண்டது அன்றைய மத்திய மின்சார வாரியம். அதுதான் பிறகு தேசிய மின்சார வாரியமாகி, 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. கடன் எதற்கு? கேமரன் மலை நீர்மின் திட்டத்துக்கு.

திட்டத்தின் சூட்சுமம் எளிமையானது. தெலோம், பெர்த்தாம் என்ற இரண்டு ஆறுகள் இந்த மலையில் பிறந்து கிழக்கே இறங்கி, ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலுக்குப் போகிறவை. அவற்றைச் சுரங்கக் கால்வாய்களால் பிடித்து, ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணையில் தேக்கி, மலையைக் குடைந்து மேற்குப் பக்கம் தள்ளினார்கள். அந்தப் பக்கம் பள்ளம். ஐந்நூறு மீட்டருக்கு மேல் விழுகிற தண்ணீர், பாறைக்குள் கட்டப்பட்ட நிலத்தடி மின்நிலையத்தில் நான்கு சுழலிகளைச் சுற்றுகிறது. ஒவ்வொன்றும் 25 மெகாவாட். மொத்தம் 100. 1963இல் அது ஓடத் தொடங்கியது. இன்று அதன் பெயர் சுல்தான் யூசுப் மின்நிலையம். சுழலியைவிட்டு வெளியேறும் தண்ணீர் பத்தாங் பாடாங் வழியாகப் பேராக்கில் இறங்கி மலாக்கா நீரிணையைச் சேர்கிறது. பிறந்த திசையை விட்டு வேறு கடலுக்குப் போகிற ஆறு. குடிபெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

100 மெகாவாட் என்றால் 40 வாட் குண்டு பல்புகள் 25 லட்சம். அவ்வளவு விளக்கை எரியவைக்கக்கூடிய நீர் எங்கள் லயங்களைத் தாண்டித்தான் ஓடியது. ஆனால் அந்த மின்சாரம் தேசியக் கம்பிவலையில் ஏறி சமவெளித் தொழில்நகரங்களுக்குப் போனது. அது தவறு என்று நான் சொல்லமாட்டேன். கம்பிவலை அப்படித்தான் இயங்கும், இயங்க வேண்டும். பக்கத்தில் பிறந்த மின்சாரம் பக்கத்து வீட்டுக்குச் சொந்தம் என்று எந்தப் பொறியியலும் சொல்லாது. கடைசி நூறு மீட்டரைப் பற்றித்தான் என் பேச்சு. 33 கிலோவோல்ட் கம்பி மலையேறி வரும். தோட்டத்து வாசலில் மின்மாற்றி நிற்கும். அதற்கு அப்பால் இருக்கிற நூறு மீட்டர் யாருடைய பொறுப்பு என்பதில்தான் லயத்து வரலாறு முழுவதும் சிக்கியிருக்கிறது.

இலங்கை மலையகத்தில் இதே கதை இன்னும் கூர்மையாக நடந்தது. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியாளர் 1918இலேயே மலையக நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதினார். லக்சபான மின்நிலையம் 1950இல் திறக்கப்பட்டது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா ஊர் தண்ணீருக்குள் போனது. தண்ணீர் வற்றும் ஆண்டுகளில் பழைய கோயில் இன்றும் தலை காட்டுகிறது. கொழும்புக்கு வெளிச்சம் கொடுத்த அந்த மலைகளில் பல லயன்களுக்கு மின்சாரம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. தேயிலையும் அணையும் ஒரே உயரத்தையும் ஒரே மழையையும் தேடுகின்றன. அதனால் அணைக்கட்டுகளின் கரையில் தமிழர்கள் இருப்பது தற்செயல் இல்லை.

எங்கள் அணையும் ஒருமுறை எங்களைப் பார்த்தது. மேலே காடு அழிந்து காய்கறித் தோட்டங்களாக, மண் சரிந்து ஏரியில் வண்டலாகச் சேர்ந்துகொண்டே வந்தது. 2013 அக்டோபர் 23 அன்று, இருட்டு வேளையில், கனமழைக்குப் பிறகு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் வேலியில் சேறும் வெள்ளமும் புகுந்து உயிர்கள் போயின, வீடுகளும் கார்களும் அடித்துச் செல்லப்பட்டன. மின்சாரத்தின் கதை என்றால் அந்த இரவையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

ஒரு சட்டமும் ஒரு சொல்லும்

1990இல் இந்நாட்டில் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் வந்தது. சட்டம் 446. முதலாளி தரும் குடியிருப்பில் இலவசமான, போதிய குழாய்த் தண்ணீர் இருக்க வேண்டும், போதிய மின்சாரம் இருக்க வேண்டும், கட்டடத்தைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இதற்கு முன்பு 1966இலும் ஒரு சட்டம் இருந்தது. என்னைப் பொறுத்தவரை முக்கியமான சொல் ‘போதிய’.

போதிய என்பது எவ்வளவு? இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் போதுமா? எங்கள் மலையில் விசிறிகூட வேண்டாம், குளிர். அப்படியானால் இரண்டு விளக்கா? சோற்றுப்பானை? குளிர்பதனப் பெட்டி? துணி துவைக்கும் இயந்திரம்? பிள்ளை படிக்கக் கணினி? சட்டத்தை எழுதியவர் ஓர் எண்ணைப் போடவில்லை. போடாததில் நியாயம் உண்டு, தேவை காலத்தோடு வளரும். ஆனால் எண் இல்லாத சொல்லை நிரப்புகிறவர் கம்பி வாங்குகிறவர். அவர் தன் கற்பனையின் அளவுக்கு நிரப்புவார். லயத்துக்காரனின் தேவையைக் கற்பனை செய்வதில் தோட்டங்கள் எப்போதும் சிக்கனமாகவே இருந்திருக்கின்றன.

எங்கள் பக்கத்தில் பல லயங்களில் பின்னர் தனித்தனி மீட்டர் வந்தது, தடித்த கம்பி வந்தது. நானே சிலவற்றை இழுத்திருக்கிறேன். 2008இலிருந்து இந்நாட்டின் பெயரளவு மின்னழுத்தமும் 240இலிருந்து 230 வோல்ட்டாக மாற்றி எழுதப்பட்டது. 10 விழுக்காடு கூடலாம், 6 விழுக்காடு குறையலாம். அதாவது 216 முதல் 253 வரை வந்தால் குறை சொல்ல முடியாது. இன்று என் மீட்டரில் பெரும்பாலான வீடுகள் அதற்குள் வருகின்றன. ஆனால் கம்பி மாறினாலும் வீட்டுக்குள் இருக்கும் நினைவு மாறவில்லை. எது கெட்டாலும் “கரண்டு சரியில்ல” என்பதுதான் லயத்தின் முதல் தீர்ப்பு.

பெட்டிக்குள் ஒரு தோட்டம்

இனி கணினிக்கு வருகிறேன்.

கணினியின் சில்லுகளுக்கு 230 வோல்ட் தேவையில்லை. அவை கேட்பது 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரம். மாற்றிக் கொடுப்பது பின்பக்கம் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் தகரப்பெட்டி, பவர் சப்ளை. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் செய்த பெட்டியை இதன் முன்னோடியாகச் சொல்வார்கள். கனமான மின்மாற்றியைத் தவிர்த்து, மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிற முறை அது. அந்த முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை, அதற்கு முன்பே பெரிய கணினிகளில் இருந்தது. வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்குண்டு.

1981இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியின் பெட்டி 63.5 வாட்தான். 1983இல் வந்த எக்ஸ்டிக்கு 130. 1984இல் ஏடிக்கு 192. மூன்று வருடத்தில் மூன்று மடங்கு. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுத்திட்டத்தை வெளியிட்டதால்தான் யார் செய்த பெட்டியையும் யார் செய்த பலகையிலும் பொருத்த முடிந்தது. வீட்டிலேயே கணினி கட்டும் பழக்கம் அதன் மேல்தான் நிற்கிறது. 2000இல் பென்டியம் 4 வந்தபோது ஒரு சத்தமில்லாத மாற்றம் நடந்தது. அதுவரை 5 வோல்ட் வரிசையிலிருந்து சாப்பிட்ட செயலி 12 வோல்ட் வரிசைக்கு மாறியது. அதற்காகத் தனியாக நான்கு முனைச் செருகி வந்தது. இன்று செயலியும் வரைகலை அட்டையும் ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டில்தான் வாழ்கின்றன. பெட்டியின் உண்மையான பலம் அந்த ஒரு வரிசையில் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் லயத்துத் தம்பி ஒருவனின் கணினி.

அம்மா தொழிற்சாலையில் வேலை. அவன் கல்யாண வீடியோ, பூப்பு நீராட்டு வீடியோ, திருவிழா வீடியோ என்று எடுத்து வெட்டி ஒட்டிக் கொடுப்பவன். ஈப்போவில் கொஞ்சம், இணையத்தில் கொஞ்சம் என்று சாமான் சேர்த்து ஒரு கணினி கட்டினான். ரைசன் 5 3600 செயலி, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் அட்டை. பவர் சப்ளை மட்டும் சட்டகத்தோடு இலவசமாக வந்தது, மேலே பெரிய எழுத்தில் ‘500 வாட்’. எழுதுவதற்கும் படம் பார்ப்பதற்கும் கணினி நன்றாக ஓடியது. வீடியோவை முடித்து வெளியே எடுக்கும்போது பத்து நிமிடத்தில் திரை கறுத்து மறுபடி தொடங்கும். ஒரு கல்யாணத்தைச் சொன்ன நாளில் கொடுக்க முடியாமல் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

அம்மாவின் தீர்ப்பு தயாராக இருந்தது: “தோட்டத்துக் கரண்டுக்கு இதெல்லாம் தாங்குமா? கே.எல். போயிடு சாமி.” அவனும் பத்தாங் காலியில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போக முடிவு செய்திருந்தான். “அண்ணே, இங்க கரண்டு சரியில்ல, வேற வழியில்ல” என்றான். பாட்டி சொன்ன அதே வாக்கியம், இரண்டு தலைமுறை கழித்து. எனக்கு அது உறுத்தியது. கரண்டு சரியில்லை என்றால் நிரூபிக்க முடியும். சரியாக இருந்தால் அதையும் நிரூபிக்க முடியும்.

சோதனை

முதலில் சூடு. பளு ஏற்றி வெப்பத்தைப் பார்த்தோம். செயலியும் அட்டையும் எழுபதுகளைத் தாண்டவில்லை. அடுத்து நினைவகம். இரவு முழுக்கச் சோதனை ஓடியது, ஒரு பிழையும் இல்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் ‘கெர்னல் பவர் 41’ என்று வரிசையாக இருந்தது. அதைப் பார்த்து, பவர் சப்ளைதான் என்று பலர் முடிவு கட்டுவார்கள். அந்த எண் சொல்வது, ஒழுங்காக அணைக்கப்படாமல் நின்றுபோனது என்பதை மட்டும்தான். ஏன் என்று அதற்குத் தெரியாது.

பிறகு சுவர். மீட்டரைச் செருகியில் வைத்தேன். 236 வோல்ட். அம்மாவிடம் சொல்லிக் கெட்டிலைப் போடச்சொன்னேன், துணி இயந்திரத்தையும். 228. கணினி மறுதொடக்கம் ஆன அதே நொடியிலும் 228தான், விளக்கு மினுங்கவில்லை. அதோடு விடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிங்லெட் பட்டணத்தில் அவன் அத்தை வீட்டுக்குப் போனோம். அங்கே கம்பி புதிது, மின்மாற்றி பக்கத்திலேயே. பதினோராவது நிமிடத்தில் திரை கறுத்தது. தோட்டத்துக் கரண்டு அன்று குற்றத்திலிருந்து விடுபட்டது.

மிஞ்சியது பெட்டி. மஞ்சள் கம்பியில் 12 வோல்ட்டை அளந்தோம். சும்மா இருக்கும்போது 11.9. பளு ஏற ஏற 11.6, 11.4, 11.3, பிறகு இருட்டு. ஏடிஎக்ஸ் விதிப்படி 5 விழுக்காடு வரைதான் விலகலாம். 11.4க்குக் கீழே போனால் அது தோல்வி.

அப்புறம்தான் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பட்டியலை அவனைப் படிக்கச் சொன்னேன். 5 வோல்ட்டில் 30 ஆம்பியர். 3.3 வோல்ட்டில் 28. 12 வோல்ட்டில் 18. பெருக்கிப் பார்த்தான். 12 பெருக்கல் 18, 216 வாட். அவனுடைய அட்டை முழு வேகத்தில் 125 வாட் எடுக்கும். 65 வாட் என்று விற்கப்படும் செயலி உண்மையில் 88 வரை போகும். விசிறி, வட்டு எல்லாம் சேர்த்து இன்னொரு 15. மொத்தம் 228. மீதி வாட்டெல்லாம் இன்றைய கணினி தொட்டுக்கூடப் பார்க்காத 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிசைகளில் கிடந்தது. இருபது வருடத்துக்கு முந்திய கணினிக்கு எழுதிய கணக்கை, புதுப்பெட்டிக்குள் வைத்து விற்றிருக்கிறார்கள். ‘500’ என்பது பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. கூட்டினால் கிட்டத்தட்ட வரும். கேட்ட இடத்துக்குத்தான் போகாது.

இன்னொரு தடயம் கண் முன்னாலேயே இருந்தது. அட்டைக்கு வேண்டிய எட்டு முனைச் செருகி அந்தப் பெட்டியில் இல்லை. பழைய நான்கு முனைச் செருகிகள் இரண்டை ஓர் இணைப்பியால் சேர்த்து மாட்டியிருந்தான். இணைப்பி கேட்கிற பெட்டி, இந்த வேலை எனக்கில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எங்கள் மலையின் குளிரும் அதைக் கொஞ்ச நாள் காப்பாற்றியிருக்கிறது. மலிவான பெட்டிகளின் வாட் பெரும்பாலும் 25 டிகிரியில் கணக்கிட்டது. கோலாலம்பூர் வெயிலில் பத்து நிமிடம் ஐந்தாகியிருக்கும். கே.எல். போயிருந்தால் அங்கேயும் கரண்டைத்தான் திட்டியிருப்பான்.

கடைசிச் சோதனை, மாற்றிப் பார்ப்பது. நண்பரிடம் இரவல் வாங்கிய நல்ல பெட்டியை மாட்டி இரண்டு மணி நேரம் ஓட்டினோம். நிற்கவில்லை. பிறகு அவன் சொந்தமாக வாங்கினான். வெளியே எழுதியிருப்பது 450 வாட், பழையதைவிடக் குறைவு. 12 வோல்ட்டில் 37 ஆம்பியர், அதாவது 444 வாட். கணினி கேட்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எட்டு முனைச் செருகி பெட்டியிலிருந்தே வருகிறது. மாற்றும்போது இரண்டு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். பழைய பெட்டியைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் மின்தேக்கியில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். ஒரு பெட்டியின் கழற்றும் கம்பிகளை இன்னொரு பெட்டியில் மாட்டவும் கூடாது. முனை ஒன்றுபோல இருக்கும், உள்ளே வரிசை மாறியிருக்கும், வட்டு எரிந்துவிடும்.

புதுப்பெட்டியை மாட்டிய அன்று இரவு முழுக் கல்யாணமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்ப நம்ம கரண்டு நல்லாத்தான் இருக்கா?” நல்லாத்தான் இருக்குங்கம்மா என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அவர் நம்பாததற்கு அறுபது வருடக் காரணம் இருக்கிறது. 228 என்ற ஓர் எண்ணை வைத்து அதை நான் ஒரே மாலையில் அழித்துவிட முடியாது, அழிக்கவும் எனக்கு விருப்பமில்லை. அந்தச் சந்தேகம்தான் லயத்துக்குத் தடித்த கம்பி கேட்டுப் போராடியது.

ஆனால் சந்தேகம் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தால் புதிய ஏமாற்று தப்பித்துவிடும். அன்று பற்றாக்குறை கண்ணுக்குத் தெரிந்தது: மங்கும் விளக்கு, சுருங்கும் படம், பத்து மணிக்குக் கண்ணடிக்கும் இஞ்சின். இன்று பற்றாக்குறை பெரிய எழுத்து எண்ணோடு வருகிறது. 500 என்று போட்டிருக்கும், கேட்ட இடத்தில் 216 தரும். சட்டத்தில் ‘போதிய’ என்று இருக்கும், எவ்வளவு என்று இருக்காது. இரண்டையும் ஒரே கேள்வியால்தான் அணுக முடியும் என்று நினைக்கிறேன்: மொத்தம் எவ்வளவு என்று கேட்காமல், எந்த வரிசையில் எவ்வளவு, கடைசி வீட்டில் எவ்வளவு என்று கேட்பது.

தம்பி இன்னும் மலையில்தான் இருக்கிறான். நாளைக்குப் போகலாம், நல்ல சம்பளம், காதல், சலிப்பு என்று போவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. இப்போது அவன் பையில் பத்து ரிங்கிட் விலைக்குக் கிடைக்கும் ஒரு மீட்டர் இருக்கிறது. போன மாதம் மேல் வரிசையில் ஒரு வீட்டில் குளிர்பதனப் பெட்டி ஓடவில்லை, கரண்டுதான் என்றார்கள். இவன் போய் அளந்து பார்த்து எனக்கு அழைத்தான். “அண்ணே, 209தான் வருது. இந்தத் தடவை நெஜமாவே கரண்டு.” எழுத்தில் புகார் கொடுக்கச் சொன்னேன். தேதி, நேரம், வோல்ட் மூன்றையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.